பாப்பா என்றால் எந்தப் பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் மகள் மூவரும் சுகம், சமையலறைக் குழாய்க்குத்தான் இன்னும் சுகமில்லை, பிளம்பர் வந்து வாஷரை மாற்றிவிட்டுப் போன பிறகு அது முன்பைவிட உற்சாகமாக ஒழுகுகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலை வைத்தே தெரிந்துகொண்டேன், இருந்தாலும் எழுத்தில் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கும், அதனால் கேட்கிறேன், சுகம்தானே. குளிர் அதிகமாகிவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லா நோயும் காது வழியாகத்தான் ஏறும். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் தேவலை என்று ஒத்துக்கொண்டால் நான் மார்க்கெட்டுக்கு நடத்திக் கூட்டிப்போய்விடுவேன் என்று இன்னும் வலிக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம் தெருமுனை பஸ் நிறுத்தத்தைத் தபால் நிலையத்துக்கு எதிரே மாற்றிவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அத்தனை வருடம் கண்டக்டராக விசில் ஊதியவனுக்கு இவ்வளவுதான் மரியாதை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் சொல்ல வந்த விஷயத்தைப் போனில் எடுத்தாலே நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், இல்லாவிட்டால் அங்கே யாரோ கதவைத் தட்டிவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிற அளவுக்கு உலகத்தில் வேறு எந்தக் கதவையும் தட்டுவதாக நான் கேள்விப்பட்டதில்லை. கடிதத்தை நடுவில் வெட்டிவிட முடியாது, கோபத்தில் மடித்து வைத்தாலும் திரும்ப எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அதனால் பொறுமையாகப் படி. போன செவ்வாய்க்கிழமை உன் மகளை, நம் சின்னவளை, குழந்தைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் அந்தப் பரிசோதனையைச் செய்துவிட்டோம். செய்துவிட்டோம் என்றால் முக்கால்வாசி. மீதிக் கால்வாசி உன் கையில் இருக்கிறது.

நீ வேண்டாம் என்று சொன்னதை நான் மறக்கவில்லை. "அவளுக்கு ஒண்ணும் இல்லப்பா, நானும் சின்ன வயசுல அப்படித்தான இருந்தேன், இப்ப சரியாகலையா, அவ மேல எந்தப் பேரையும் ஒட்டாதீங்க" என்றாய். நான் மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர், "தாராளமா கூட்டிட்டுப் போங்க மாமா, அவகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். அவர் பேசியிருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும், இப்போது உன் முகம் போகிற போக்கும் இங்கிருந்தே தெரிகிறது. அவர் மேல் பாயாதே, நல்ல மனிதர். உன்னிடம் வாயைத் திறக்கப் பயப்படுவது இந்தக் குடும்பத்தில் அவர் ஒருவர் மட்டுமா என்ன.

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சொன்னதில் பாதியைத்தான் உனக்குச் சொன்னேன், மீதியையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பு டீச்சர் நல்ல பெண். சின்னவளை வாயால் கேட்டால் டாண் டாண் என்று பதில் வருகிறதாம், எழுதச் சொன்னால் அரைப் பக்கம் முடிவதற்குள் மணி அடித்துவிடுகிறதாம், எழுதினதும் கோட்டுக்கு மேலே ஒரு வார்த்தை கீழே ஒரு வார்த்தை. எழுதாத பதிலுக்கு மார்க் போட முடியாது, இப்படியே போனால் அடுத்த வருடமும் அதே மூன்றாம் வகுப்பில்தான் உட்கார வேண்டியிருக்கும் என்றாள். கை கால் ஒருங்கிணைப்பில் சிரமம் இருக்கிறது என்று அதற்கான ஆட்கள் பார்த்துச் சொன்னால் கூடுதல் நேரம் கொடுக்கலாம், சில பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல வேறு ஆள் எழுதவும் விடலாம், மாத முடிவுக்குள் தெரிந்தால் நல்லது என்றாள். அதுகூடப் போகட்டும், ஒரு வருடம் கூடுதலாகப் படித்தால் குடி முழுகிவிடாது என்று நானும் நினைத்தேன். என்னை உலுக்கிப் போட்டது வேறு. எதிர் வீட்டுத் தையற்காரர் ஒருநாள் வாசலில் நின்றுகொண்டு சும்மா விளையாட்டுக்கு, "என்ன மேடம், ஹோம்வொர்க் முடிச்சாச்சா" என்று கேட்டார். இவள் முகம் கொஞ்சமும் வாடாமல், "இல்ல அங்கிள், நான் சோம்பேறி, எனக்கு முடியாது" என்றாள். யாராவது வயதைக் கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். அழுதுகொண்டே சொல்லியிருந்தால் தூக்கி வைத்துத் தேற்றியிருப்பேன். இவள் அதை விசாரித்து முடித்த விஷயமாக வைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பாப்பா.

செவ்வாய்க்கிழமை காலையில் நீ அனுப்பிய ஷூவைத்தான் போட்டுவிட்டேன். நல்ல ஷூ, ஆனால் நாடா வைத்த ஷூவாகப் பார்த்து ஏன் அனுப்பினாயோ. அவள் சுவரில் முதுகைச் சாய்த்து ஒரு காலை நீட்டினாள், நான் குனிந்தேன், குனிந்ததும் எனக்கு வருடம் குழம்பிப்போயிற்று. நீயும் அதே சுவரில்தான் முதுகைச் சாய்ப்பாய், அந்த இடத்தில் இன்றைக்கும் சுண்ணாம்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகும்போது கட்டினேன், காலேஜ் போகும்போது கட்டினேன், "பொண்ணுக்குக் கல்யாணமானா இதுக்காக நீங்களும் கூடப் போவீங்களா" என்று உன் அம்மா கேலி பண்ணுவாள். நீ கிளம்பிய அன்று விமான நிலையத்தில் அவ்வளவு பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து உன் ஷூ நாடாவை இரட்டை முடிச்சாக இறுக்கினேனே, ஞாபகம் இருக்கிறதா. மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி விளம்பரப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் வேறு யாருக்கும் நாடா கட்டவில்லை, போன வருடம் இவள் எங்களோடு இருந்து படிக்க இங்கே வந்து காலை நீட்டும்வரைக்கும்.

பஸ்ஸில் போனோம். புது கண்டக்டர் பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தான், நான் நின்றுகொண்டே வந்தேன், எனக்கு ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் தலை சுற்றும். சின்னவள் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள், வளைவில் அவள் மட்டும் ஒரு பக்கம் போனாள், அவள் பை ஒரு பக்கம் போயிற்று. சனிக்கிழமைகளில் நீ என் பஸ்ஸில் வருவாயே, அந்த நாட்கள் எல்லாம் அப்படியே கண்ணுக்குள் வந்து நின்றன. பின்வாசல் பக்கத்து ஸீட் உன்னுடையது, ஆனால் நீ எங்கே ஸீட்டில் இருந்தாய், டிரைவர் பிரேக்கைத் தொட்டாலே யார் மடியிலாவது இருப்பாய். வழக்கமாக வருகிறவர்கள் உனக்கு பிரேக்கு என்றே பேர் வைத்திருந்தார்கள். திருப்பம் வருவதற்கு முன்பே, "பிரேக்கைப் பிடிங்கப்பா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள், நாலு பக்கத்திலிருந்தும் கை நீளும். நீயும் சிரித்துக்கொண்டே யார் கையிலாவது போய் விழுவாய். அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மா, மீன் கூடைக்காரர், ஸ்கூல் வாத்தியார் என்று எத்தனை பேர் உன்னைப் பிடித்திருக்கிறார்கள். அவ்வளவு பேர் இருக்கிற தைரியத்தில்தான் உனக்கு என்ன சிரமம் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லையோ என்னவோ. எனக்கென்னவோ அந்த பஸ் அளவுக்குச் சந்தோஷமான இடம் அதற்கப்புறம் வாய்க்கவில்லை.

மருத்துவமனையில் முதலில் டாக்டர் பார்த்தார். கண் எப்படித் தெரிகிறது, காது எப்படி, முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் எப்படித் துள்ளுகிறது, என் கையைத் தள்ளு, என் கையை இழு, கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதுவரை நாம் நினைக்காத பெரிய நோய் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு என் முகம் புரிந்துவிட்டது போலிருக்கிறது. "பயப்படாதீங்க, தசையிலயோ நரம்புலயோ பார்வையிலயோ வேற கோளாறு இருந்தாலும் பிள்ளை இப்படித் தடுமாறும், அதெல்லாம் இல்லைன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும், இங்க அப்படி எதுவும் இல்ல" என்றார். அப்பாடா என்றிருந்தது. அப்புறம் மாடியில் தெரபிஸ்ட் அறைக்கு அனுப்பினார்.

அந்த அறையைப் பார்த்தால் நீ ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டாய். தரையில் மஞ்சள் பட்டையால் நீளமாக ஒரு கோடு, அந்தப் பக்கம் கலர் கலராக விரிப்புகள், ஒரு சின்ன மேஜை, பெட்டி நிறைய மணிகள், முனை மழுங்கின கயிறு, பந்து, தானியம் அடைத்த குட்டித் துணிப்பை. தெரபிஸ்ட் உன் வயதுதான் இருப்பாள், செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பேசுகிறாள். "பாப்பா, நாம விளையாடலாமா" என்றாள். சின்னவள் என்னைப் பார்த்தாள். விளையாட்டு என்றாலே அவளுக்கு இப்போதெல்லாம் பயம், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பு வந்தால் வயிற்றுவலி வந்துவிடும். இருந்தாலும் போனாள்.

பலகையில் இருக்கிற ஓட்டைகளில் குச்சிகளைச் செருக வேண்டும், முதலில் ஒரு கை, அப்புறம் மறு கை. மணிகளைக் கயிற்றில் கோக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் வெளியே போகாமல் பேனாவால் பாதை போட வேண்டும், பாதை வளைந்து வளைந்து போகிறது, நம்மவள் பேனா வளைவில் எல்லாம் வயலுக்குள் இறங்கிவிட்டது. துணிப்பையை விரிப்பின் மேல் வட்டத்துக்குள் எறிய வேண்டும், பந்தைப் பிடிக்க வேண்டும், குதிகாலும் விரல் நுனியும் ஒட்டிக்கொள்கிற மாதிரி மஞ்சள் கோட்டில் அடி வைத்து நடக்க வேண்டும், விரிப்புக்கு விரிப்பு ஒற்றைக்காலில் தாவ வேண்டும். தெரபிஸ்ட் கையில் கடிகாரம் இருந்தது, ஆனால் அவள் கடிகாரத்தை மட்டும் பார்க்கவில்லை, பிள்ளையை முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை குச்சியைச் செருகும்போது இடது கை தானாக இறுகி மூடிக்கொள்கிறது, மணியைக் கோக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறாள், நாக்கு நுனி வெளியே வந்துவிடுகிறது, இதையெல்லாம் குறித்துக்கொண்டாள். இதே வயதுப் பிள்ளைகள் நிறையப் பேரை முன்பே இப்படிச் செய்யவைத்து அளந்து வைத்திருக்கிறார்களாம், அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். நாக்கை நீட்டுவது உன் வேலை அல்லவா. நீ கோலிக்குண்டைக் குறி பார்த்தாலும் நாக்கு வெளியே வரும், கணக்குப் போட்டாலும் நாக்கு வெளியே வரும், "நாக்கை உள்ள வைடி, ஈ உக்காரப் போகுது" என்று உன் அம்மா கத்துவாள்.

ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னபோது சின்னவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நானும் ஒற்றைக்காலில் நின்றேன். சும்மா சொல்லக் கூடாது, இந்த வயதிலும் ஆணி அடித்த மாதிரி நின்றேன். ஓடுகிற வண்டியில் ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை என்று காலத்தை ஓட்டினவன் அல்லவா. தெரபிஸ்ட் என்னைப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு ஒரு பிரச்னையும் இல்ல, தயவுசெஞ்சு உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை. பிள்ளையின் பழைய விவரமெல்லாம் கேட்க வேண்டும் என்று என்னை மேஜைக்குக் கூப்பிட்டாள், சின்னவள் மூலையில் உட்கார்ந்து மணிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். "பாப்பா எப்ப நடக்க ஆரம்பிச்சா, ஐயா" என்றாள். இந்த வீட்டில் பாப்பா என்றால் யார், நீதானே. உன் மகள் பிறந்த பிறகு அவளையும் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தோம், உன் பேரை உன்னிடமிருந்து எடுக்கவும் இல்லை, லீவுக்கு வந்து இரண்டு பேரும் இதே வீட்டில் இருந்தபோது கூப்பிட்டால் இரண்டு பேரும் வந்து நிற்பீர்கள். அது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும். நான் சொல்ல ஆரம்பித்தேன். பாப்பா தாமதமாகத்தான் நடந்தாள், நடந்த பிறகு சுவரெல்லாம் அவள் மேல் வந்து வந்து மோதும் என்றேன். பொத்தான் போடுவாளா என்றாள், போடுவாள், ஆனால் மேல் பொத்தானைக் கீழ் ஓட்டையில் போட்டு ஒரு தோள் உயரமாக வருவாள் என்றேன். பந்து பிடிப்பாளா என்றாள், பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள், அது தாண்டிப் போன பிறகு கையைச் சேர்ப்பாள் என்றேன். சைக்கிள் என்றாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நிறுத்தி வைத்திருந்த பால் வண்டியில் போய் மோதி, பால்காரரும் பாப்பாவும் வெள்ளை வெளேரென்று வீட்டுக்கு வந்து நின்றதைச் சொன்னேன். அவள் கடகடவென்று எழுதிக்கொண்டே வந்தாள். நானும் நிறுத்தவில்லை, காலேஜில் சேர்ந்த முதல் வாரத்திலேயே லேபில் இருந்த கண்ணாடிக் குழாய்களை உடைத்துவிட்டாள், லேப் உதவியாளர் இவளைக் கண்டாலே அலமாரியைப் பூட்டிவிடுவார் என்றேன்.

பேனா நின்றுவிட்டது. "ஐயா, பாப்பா எந்தக் காலேஜ்ல படிக்கிறாங்க" என்றாள்.  மூலையிலிருந்து சின்னவள் தலையைக்கூடத் தூக்காமல், "தாத்தா எங்க அம்மாவைச் சொல்றாரு" என்றாள். எனக்கு அசடு வழிந்தது, நீ கேட்டால் ஒரு வாரம் சிரிப்பாய். அந்தப் பெண்ணும் மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள், அப்புறம் எழுதினதையெல்லாம் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். அடித்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆள்தான் மாறிப்போச்சு, மத்தபடி நீங்க சொன்னது அத்தனையும் நான் கேட்ட கேள்விக்குப் பொருத்தமான பதில்தான்" என்றாள். இது பல குடும்பங்களில் இப்படித் தொடர்ந்து வருவதுண்டாம். அந்தப் பாப்பா இப்போ எப்படி இருக்காங்க என்று கேட்டாள்.

நான் விடுவேனா. பெரிய கட்டடங்களுக்கு எந்த அறையில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை, அவள் சொன்னால்தான் அங்கே விளக்கே மாட்டுவார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அதெல்லாம் எப்பவோ சரியாகிவிட்டது என்றேன். அந்தப் பெண் சும்மா பேச்சு வாக்கில் கேட்கிற மாதிரி கேட்டாள். கார் ஓட்டுவாங்களா என்றாள். இல்லை, பழகிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள், ரயிலில்தான் போகிறாள் என்றேன். சமையல் என்றாள். காய் நறுக்குவது மாப்பிள்ளை என்றேன். விருந்துக்குப் போனால் என்றாள். நீ கண்ணாடி டம்ளரைக் கையில் எடுக்கவே மாட்டாய், தாகமில்லை என்று சொல்லிவிடுவாய் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் மெதுவாகச் சொன்னாள், "அவங்களுக்குச் சரியாகல ஐயா. யாருக்கும் தெரியாம சமாளிக்கக் கத்துக்கிட்டாங்க. தினமும் அதைச் செய்யறது எவ்வளவு பெரிய உழைப்பு தெரியுமா" என்றாள். பாப்பா, எனக்குத் தெரியாது. உன்னை ஆயிரம் தடவை பிடித்திருக்கிறேன், நீ இவ்வளவு உழைக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் சின்னவளைக் கூப்பிட்டு அவளிடமும் கேட்டாள், உனக்கு எது பிடிக்கும், எது கஷ்டம், எதைச் சுலபமாகச் செய்ய ஆசை என்று. அவளும் தையற்காரருக்குச் சொன்னதையே இங்கேயும் சொன்னாள், நான் சோம்பேறி என்று. தெரபிஸ்ட் எழுதுவதை விட்டுவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சோம்பேறின்னா செய்யாம உக்காந்திருக்கறவங்க. மத்த பிள்ளைங்க ஒரே தடவையில செருகிட்டுப் போற குச்சியை நீ எத்தனை தடவை திரும்பத் திரும்பச் செருகின, நான் பார்த்துட்டுத்தான இருந்தேன். இன்னிக்கு இந்த ரூம்ல நிறைய வேலை செஞ்சது நீதான். உன் மூளை சொல்ற வேலையைக் கையும் காலும் ஒண்ணா சேர்ந்து செய்யறதுக்கு உனக்கு அதிகப் பாடு, அவ்வளவுதான்" என்றாள். சின்னவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

கிளம்பி வரும்போது படியில் பாதி இறங்கிவிட்டோம். உனக்குத் தெரியும், படி என்றால் அவளுக்கு ஆகாது, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்குவாள். பாதியில் நின்று, "இரு தாத்தா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏறிப் போனாள். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது, என்னவோ பேச்சுச் சத்தம் கேட்டது, திரும்பி வந்தாள். எதையாவது விட்டுவிட்டாயா என்று கேட்டேன், இல்லை என்றாள். என்னவென்று கேட்டதற்கு உன்னைப் போலவே வாயை இறுக்கிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள், வளைவில் சரிந்து என் மேல் விழுந்தபோதும் பாட்டை நிறுத்தவில்லை.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அன்றைக்குச் செய்த பரிசோதனை மார்க்கை மட்டும் வைத்து எதையும் சொல்ல மாட்டார்களாம். வயதுக்கு எவ்வளவு பின்தங்கியிருக்கிறாள், அன்றாட வாழ்க்கையிலும் படிப்பிலும் அது எவ்வளவு இடைஞ்சல் பண்ணுகிறது, வேறு நோய் இல்லையே, இதெல்லாம் தெரிந்துவிட்டது, டீச்சரும் தன் பங்குக் கேள்விகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். இது குட்டிக் குழந்தையிலிருந்தே இருக்கிறதா என்பது மட்டும்தான் பாக்கி. அதைச் சொல்ல எனக்கு வக்கில்லை. இவள் ஏழு வயது வரை உன்னிடம்தான் இருந்தாள், எனக்குத் தெரிந்த குட்டிக் குழந்தை நீ ஒருத்திதான், அந்த லட்சணத்தைத்தான் மேலே எழுதினேனே. இந்த மாதக் கடைசி வியாழக்கிழமை உனக்கு அங்கே மாலை நேரத்தில் அந்தப் பெண்ணே போன் செய்வாள். நீ பேசினால்தான் முடித்துக் கொடுப்பாள், முடித்துக் கொடுத்தால்தான் பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள், இல்லாவிட்டால் சின்னவள் தெரிந்த பாடத்தையே இன்னொரு வருடம் படித்துக்கொண்டு, தனக்கு வராது என்பதை நன்றாக மனப்பாடம் பண்ணிக்கொள்வாள்.

பேர் ஒட்டாதீர்கள் என்கிறாய். அவளுக்குப் பேர் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது, பாப்பா. யார் ஒட்டினார்களோ, இப்போது அவளே தன் கையால் அழுத்தி ஒட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள். அதைக் கிழித்துவிட்டுச் சரியான பேரைச் சொல்லுங்கள் என்றுதான் நான் போய் நின்றேன். நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அவளுக்கு ஒன்று இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் உனக்கும் இருந்தது என்று ஆகிவிடுமே, அத்தனை வருடம் பாடுபட்டு மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிடுமே என்றுதானே. வரட்டும். வந்தால் உனக்கு ஒரு குறைவும் இல்லை, எங்களுக்கு நீ இன்னும் ஒரு படி ஒசத்திதான் ஆவாய்.

இங்கே வீட்டில் இப்போதே தெரபிஸ்ட் போட்ட புது சட்டம் வந்துவிட்டது. எழுதும்போது கால் தரையில் பட வேண்டுமாம், அதற்காக என் பழைய இரும்புப் பெட்டியை அவள் நாற்காலிக்குக் கீழே போட்டிருக்கிறேன். எந்த வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். ஷூ நாடா கட்டப் பழக நாளாகும், அதுவரை ஒட்டுகிற ஷூ போடட்டும், நாடாவில் முதல் முடிச்சை மட்டும் தினம் அவளே போட்டுப் பார்க்கட்டும், தாத்தா கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. உன் அம்மா என்னைக் காவல் காக்கிறாள். சின்னவள் நாடாவோடு மல்லுக்கட்டும்போது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன், இத்தனை வயதில் எனக்கு வந்த மிகப் பெரிய சோதனை இதுதான்.

வேறு விசேஷமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, பனியில் நடக்கும்போது வேகம் காட்டாதே, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள், அதில் வெட்கமில்லை. நீங்கள் இரண்டு பேரும் எல்லா வளமும் பெற்று நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி என்றைக்கும் உங்களோடு உண்டு. வியாழக்கிழமை மாலை. மறந்துவிடாதே, போனை எடு.

கையெழுத்துப் போடப் போனேன், சின்னவள் வந்து என் நாற்காலியில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கு எழுதறீங்க என்றாள், அம்மாவுக்கு என்றேன். நான் சொல்றதையும் எழுதுங்க, நான் எழுதினா லேட்டாகும் என்றாள். அவள் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் போடுகிறேன். "அம்மா, நீயும் சோம்பேறி இல்லையாம். நான் திரும்ப மாடி ஏறிப் போய் அவங்ககிட்ட கேட்டுட்டு வந்தேன்."

இப்படிக்கு,
உன் அப்பா